கொறடாவின் கை எட்டாத இடங்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கித் திருத்திய அச்சு வடிவம்)



'சமூக ஊடகமும் மக்கள் பிரதிநிதியும்' என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். இதைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சு உலவுகிறது. செல்பேசி வந்தபிறகு ஆள்வோரைக் குடிமக்கள் ஆட்டிவைக்கிறார்கள் என்கிறார்கள் சிலர். ஹேஷ்டேக் போடுவதெல்லாம் வெட்டிவேலை, நாலு நாளில் அடங்கிவிடும் என்கிறார்கள் வேறு சிலர். இரு தரப்பாரும் தத்தமக்கு ஏற்ற சான்றுகளை அடுக்கலாம். அதனால் அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. எந்தக் குரல் பலித்தது, எது பலிக்காமல் போனது, இரண்டுக்கும் இடையே என்ன வேறுபாடு என்று மட்டும் பார்க்க விரும்புகிறேன்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பதிவை எத்தனை லட்சம் பேர் பகிர்ந்தார்கள் என்பதற்காக ஒரு பிரதிநிதி அசைவதில்லை. தன் தொகுதிக்காரர், தன்னால் செய்யக்கூடிய ஒன்றை, தான் பதில் சொல்லாமல் தட்டிக்கழிக்க முடியாத வடிவத்தில் கேட்கும்போது அசைகிறார். சமூக ஊடகம் அந்தக் கோரிக்கைக்கு ஆள் சேர்க்கும். கோரிக்கையின் இடத்தில் அதுவே போய் உட்கார்ந்துகொண்டால் பயனில்லை. இதை ஆறு குறிப்புகளாக விரிக்கிறேன்.

1. வாக்கு அவர் கையில் இல்லை

2012 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா ஒரு நாள் முழுவதும் தன் பக்கங்களை இருட்டடித்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிலுவையில் இருந்த சோபா, பிபா என்ற இரண்டு மசோதாக்களை எதிர்த்து நடந்த போராட்டம் அது. இணையத் திருட்டைத் தடுக்கிறோம் என்ற பெயரில் முழு இணையதளங்களையே முடக்க அவை வழிவகுக்கும் என்பது எதிர்ப்பாளர்களின் அச்சம். இருண்ட பக்கத்தில் ஒரு சிறு பெட்டி மட்டும் இருந்தது. உங்கள் அஞ்சல் குறியீட்டை அதில் இட்டால், உங்கள் தொகுதி உறுப்பினரை எப்படித் தொடர்பு கொள்வது என்று காட்டும். சுமார் 80 லட்சம் முறை அப்படித் தேடப்பட்டதாக விக்கிமீடியா பின்னர் தெரிவித்தது. மசோதாவை முன்மொழிந்தோர் பட்டியலில் இருந்த மார்கோ ரூபியோ போன்ற செனட்டர்களே அன்றைக்குப் பின்வாங்கினார்கள். ஜனவரி 20 அன்று இரண்டு மசோதாக்களும் ஒத்திவைக்கப்பட்டன. அதன்பின் அவை எழவே இல்லை.

இந்த வெற்றிக் கதையை நம் ஊரில் அப்படியே நடத்திப் பார்க்கலாமா? முடியாது. அமெரிக்க உறுப்பினர் தன் கட்சிக்கு எதிராக வாக்களித்தாலும் பதவி போகாது. நம் நாட்டில் 1985-ல் 52-வது அரசியல் சட்டத் திருத்தம் கட்சித் தாவலைத் தடுக்கப் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் ஒதுங்கினாலோகூட ஓர் உறுப்பினர் பதவி இழக்க நேரிடும். ஆகவே, 'மசோதாவை எதிர்த்து வாக்களியுங்கள்' என்று ஆளுங்கட்சி எம்.பி. ஒருவரை நாம் சமூக ஊடகத்தில் நூறு பேர் சேர்ந்து கேட்டால், அவரால் கொடுக்க முடியாததைக் கேட்கிறோம். அவர் மௌனமாக இருப்பதை அகந்தை என்று நினைத்துவிடுகிறோம். பல சமயம் அது வெறும் கையறுநிலை.

2. வாக்கைத் தவிர மற்றதெல்லாம் அவர் கையில் இருக்கிறது

இங்கேதான் நம் இயக்கங்கள் ஒரு பெரிய வாய்ப்பைக் கோட்டை விடுகின்றன. கொறடாவின் உத்தரவு அவையில் நடக்கும் வாக்கெடுப்புக்குத்தான். ஓர் எம்.பி. செய்யும் மற்ற வேலைகள் பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியே இருக்கின்றன.

அவர் கேள்வி கேட்கலாம். மக்களவையில் பொதுவாக 15 நாட்களுக்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிட்டால், குலுக்கலில் தேர்வாகும் கேள்விக்கு அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் அவைப் பதிவில் ஏறிவிடும். பிறகு நீதிமன்றத்தில்கூட எடுத்துக்காட்டலாம். பூஜ்ய நேரத்தில் பேசலாம். விதி 377-ன் கீழ் ஒரு பொருளை எழுப்பலாம். நிலைக்குழுவில் அதிகாரிகளை உட்காரவைத்துக் கேட்கலாம். அமைச்சருக்குக் கடிதம் எழுதலாம். தனிநபர் மசோதா கொண்டுவரலாம்.

தனிநபர் மசோதா என்றதும் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமான கடைசித் தனிநபர் மசோதா 1970-ஐச் சேர்ந்தது. ஆனாலும் 2015 ஏப்ரல் 24 அன்று, திருநர் உரிமைகளுக்காகத் தமிழ்நாட்டு உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றியது. அது சட்டமாகவில்லை. அரசு தன் சொந்த மசோதாவோடு வந்தது. 2019-ல் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டத்தின் பல பிரிவுகள் திருநர் சமூகத்துக்கு ஏமாற்றம் தந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால், கட்சித் தலைமையின் பட்டியலில் இல்லாத ஒரு பொருளை ஒற்றை உறுப்பினர் நாட்டின் பட்டியலில் ஏற்ற முடியும் என்பதற்கு இது சான்று.

எனவே கேட்பதை மாற்றிக் கேட்க வேண்டும். 'எதிர்த்து வாக்களியுங்கள்' என்பதற்குப் பதில், 'வரும் கூட்டத்தொடரில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். கேள்வி இதோ' என்று எழுதிக் கொடுங்கள். குலுக்கலில் தேர்வானால், கேள்வியும் பதிலும் நாடாளுமன்ற இணையதளத்தில் தெரிந்துவிடும். கேட்காவிட்டால் கட்சியைக் காரணம் காட்டவும் அவருக்கு வழியில்லை.

3. எந்த வாசலைத் தட்டுவது?

2017 ஜனவரியை இந்த அவையில் யாரும் மறந்திருக்க முடியாது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 பொங்கலை ஒட்டி அலங்காநல்லூரிலும் மெரினாவிலும் இளைஞர்கள் கூடினார்கள். அழைப்பு வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் பரவியது. ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம் வந்தது. 23 அன்று பேரவையில் மசோதா நிறைவேறியது. அதே நாள் காலையில் கடற்கரையில் போலீஸ் நடவடிக்கையும் நடந்தது. அந்த வெற்றிக்கு அப்படி ஒரு கசப்பான முடிவும் உண்டு.

இந்த நிகழ்வைச் சமூக ஊடகத்தின் வெற்றி என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆட்களைத் திரட்டியது அதுதான், மறுக்கவில்லை. ஆனால் தீர்வு எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். விலங்குவதைத் தடுப்பு என்பது அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் உள்ள பொருள். 1960-ன் மத்தியச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. மாநிலம் அதில் திருத்தம் செய்யக் குடியரசுத் தலைவரின் இசைவு வேண்டும். அதனால் 234 சட்டமன்ற உறுப்பினர்களும் ஒருமனதாக இருந்தாலும் டெல்லி இல்லாமல் எதுவும் நடக்காது. அப்போதைய முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் ஜனவரி 19 அன்று பிரதமரைச் சந்தித்ததும், வரைவு மத்திய அமைச்சகங்களுக்குப் போய்த் திரும்பியதும் இந்தக் கட்டாயத்தால்தான். 'நிரந்தரச் சட்டம்' என்று கடற்கரையில் எழுந்த கோரிக்கை, போகப்போக, எந்தச் சட்டத்தில் யார் எந்தத் திருத்தம் செய்வது என்ற திட்டவட்டமான வடிவத்துக்கு வந்தது. அந்தத் திருத்தத்தை 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஏற்றுக்கொண்டது.

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரம் இன்னொரு பாடம். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதியின் ஏலத்தில் ஒரு தனியார் நிறுவனம் தேர்வானதாக மத்திய அரசு அறிவித்தது. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் அந்த எல்லைக்குள் வந்தது. சமணர் குகைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் ஏரிகளும் உள்ள ஊர் அது. காணொளிகளும் படங்களும் செல்பேசிகளில் பறந்தன. ஆனால் மக்கள் அதோடு நிற்கவில்லை. நவம்பர் மாதக் கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூரிலிருந்து மதுரைக்குப் பெருந்திரளாகப் பேரணி போனார்கள். 2023-ல் செய்த சட்டத் திருத்தத்தின்படி டங்ஸ்டன் உள்ளிட்ட முக்கிய கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. ஆகவே கடைசியில் தட்ட வேண்டிய வாசல் மத்தியச் சுரங்க அமைச்சகம். ஊர்க்காரர்கள் டெல்லி போய் அமைச்சரையும் சந்தித்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. கட்சிகள் ஆளுக்கொரு பக்கம் புகழை எடுத்துக்கொண்டன, எடுத்துக்கொள்ளட்டும். கிராம சபை, பேரவை, அமைச்சகம் என்று ஒவ்வொரு படியிலும் ஓர் எழுத்துப் பதிவை விட்டுச்சென்ற ஊர்களின் பொறுமையை நாம் கவனிக்க வேண்டும்.

4. எண்ணிக்கை மலிந்துவிட்டது

ஒரு காலத்தில் பத்தாயிரம் கையெழுத்து என்றால் பத்தாயிரம் வீட்டுப் படி ஏறி இறங்கிய உழைப்பு. இன்று எண்ணிக்கையைத் தயாரித்துவிடலாம்.

2017-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம், எல்லா இணையதளங்களையும் பாகுபாடின்றி நடத்தச் சொல்லும் இணையச் சமநிலை விதிகளை நீக்குவது பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேல் கருத்துகள் வந்து குவிந்தன. நியூயார்க் மாநில அரசு வழக்கறிஞர் 2021-ல் வெளியிட்ட அறிக்கை, அவற்றில் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் போலி என்றது. விதிகளை நீக்கச் சொல்லி வந்தவற்றில் சுமார் 85 லட்சம், பிராட்பேண்ட் நிறுவனங்களின் பணத்தில் நடந்த இயக்கத்தின் விளைவு. விதிகள் வேண்டும் என்று வந்தவற்றில் 77 லட்சத்தை 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவரே தானியங்கி நிரல் மூலம் அனுப்பியிருந்தார். காசு உள்ளவரும் காசு இல்லாதவரும் ஒரே வேலையைச் செய்தார்கள். இறந்துபோனவர்களின் பெயரிலும் கருத்து வந்திருந்தது.

இது பிரதிநிதிகளுக்குத் தெரியாததா? நம் கட்சிகளின் ஐ.டி. விங் எப்படி ஒரு சொல்லை மாலைக்குள் டிரெண்டிங் ஆக்கும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்? தாமே செய்யும் வித்தையைப் பிறர் செய்யும்போது அவர்கள் நம்பமாட்டார்கள். அவர்கள் மனதில் எழும் கேள்வி ஒன்றுதான்: இதில் என் தொகுதி ஆள் எத்தனை பேர்? 2024 தேர்தலின்போது தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதியில் சராசரியாகச் சுமார் 16 லட்சம் வாக்காளர்கள் இருந்தார்கள். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் இரண்டு லட்சம் பதிவுகளைவிட, திண்டிவனத்திலிருந்து பெயரும் ஊரும் போட்டு வரும் இருநூறு கடிதங்கள் விழுப்புரம் எம்.பி.யின் அலுவலகத்தில் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும்.

பிரிட்டன் நாடாளுமன்றம் இதை உணர்ந்து ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. அதன் மின்மனுத் தளத்தில் கையெழுத்திடுபவர் அஞ்சல் குறியீடு தர வேண்டும்; மின்னஞ்சல் வழியே உறுதி செய்ய வேண்டும். எந்தத் தொகுதியிலிருந்து எத்தனை பேர் என்பது வரைபடமாகத் தெரியும். 10,000 கையெழுத்துக்கு அரசு பதில் தர வேண்டும். 1,00,000 வந்தால் விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள். 2019-ல் பிரெக்ஸிட்டைக் கைவிடச் சொன்ன மனுவில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். விவாதம் நடந்தது, அரசு மறுத்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு உறுப்பினருக்கும் தன் தொகுதியின் எண்ணிக்கை கண்முன் இருந்தது. மனு தோற்றாலும் கணக்கு பொய்யாகவில்லை.

5. கேட்ட கேள்விக்குப் பதில்

இணையச் சமநிலைப் போராட்டம் நம் நாட்டிலும் நடந்தது. 2015 மார்ச் 27 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 20 கேள்விகள் கொண்ட கலந்தாய்வு அறிக்கை ஒன்றை வெளியிட்டது. சாதாரண மனிதர் படிக்கவே அஞ்சும் 118 பக்கங்கள். தன்னார்வலர்கள் அதைச் சுருக்கினார்கள். 20 கேள்விகளுக்கும் மாதிரிப் பதில் எழுதினார்கள். ஒரு சொடுக்கில் டிராய்க்கு அனுப்பும்படி செய்தார்கள். நகைச்சுவைக் குழு ஒன்றின் காணொளி அதைப் பரப்பியது. 10 லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் போயின. டிராய் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லைதான். ஆனால் அந்த ஏப்ரலில் விஷயம் மக்களவையிலும் எழுந்தது. கட்சி வேறுபாடின்றி எம்.பி.க்கள் பேச வேண்டியதாயிற்று.

அந்த ஆண்டு டிசம்பரில், டிராயின் அடுத்த கலந்தாய்வின்போது, சில இணையதளங்களை மட்டும் கட்டணமின்றித் தரும் தன் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்துக்கு ஃபேஸ்புக் ஆதரவு திரட்டியது. அதுவும் முன்கூட்டியே எழுதிவைத்த மின்னஞ்சல்தான். பல லட்சம் பேர் அனுப்பினார்கள். கேட்ட கேள்விகளுக்கு இவற்றில் பதில் இல்லை என்று டிராய் சொல்லிவிட்டது. கலந்தாய்வை வெறும் தலையெண்ணும் வேலையாக்குகிறீர்கள் என்று அந்த நிறுவனத்தைக் கண்டித்துக் கடிதமும் எழுதியது. 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பொறுத்து வேறுவேறு கட்டணம் வாங்குவதைத் தடை செய்து விதிமுறை வந்தது. இரண்டு பக்கமும் அச்சடித்தாற்போன்ற கடிதங்கள்தாம். ஒரு பக்கம் கேள்விக்குப் பதில் சொன்னது. மறுபக்கம் ஆதரவை மட்டும் காட்டியது. முடிவு எடுக்கும் அதிகாரிக்குக் கோப்பில் எழுத முதல் வகைதான் உதவும்.

வெற்றியோடு நிறுத்தினால் பாடம் முழுமையாகாது. 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை ஊரடங்கு நேரத்தில் வந்தது. அதை 22 மொழிகளில் மொழிபெயர்க்க டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கருத்துக் கேட்கும் காலம் ஆகஸ்ட் 11 வரை நீண்டது. தமிழ்நாட்டில் திரைக் கலைஞர்கள் முதல் கல்லூரி மாணவர்கள் வரை பேசினார்கள். பல லட்சம் கருத்துகள் போயின. வரைவு அப்படியே நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் முன் அனுமதி இல்லாமல் தொடங்கிய திட்டங்களைப் பின்னர் முறைப்படுத்த, 2021 ஜூலையில் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணையை வெளியிட்டது. வரைவில் மக்கள் எதிர்த்த பொருள்களில் இதுவும் ஒன்று. இந்தமுறை ஹேஷ்டேக் எழவில்லை. ஒரு பொதுநல வழக்கில் மதுரை உயர் நீதிமன்றக் கிளைதான் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பெருந்திரள் பெரிய அறிவிப்பைப் பிடித்துவிடும். ஓசையில்லாமல் வரும் குறிப்பாணையைத் தவறவிட்டுவிடும். அதைப் பிடிக்க, வாரந்தோறும் அமைச்சகத்தின் உத்தரவுகளைத் தேடிப் படிக்கும் நான்கு பேர் வேண்டும்.

6. அச்சமின்றிக் கேட்க வேண்டும்

இவ்வளவும் கேட்பவர் அச்சமின்றி இருந்தால்தான் நடக்கும். 2012 அக்டோபரில், ஒரு மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரியில் ஒருவர் கைதானார். அடுத்த மாதம், மும்பையில் ஒரு தலைவரின் மறைவையொட்டி நடந்த கடையடைப்பைக் கேள்வி கேட்ட ஃபேஸ்புக் பதிவுக்காக இரண்டு இளம்பெண்கள் கைதானார்கள். ஒருவர் எழுதியவர்; மற்றவர் அதற்கு விருப்பக்குறி இட்டவர். இரண்டுக்கும் கருவி தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை அடியோடு ரத்து செய்தது. அப்படியும் காவல் நிலையங்களில் அந்தப் பிரிவின் கீழ் வழக்குகள் பதிவாகிவந்தன. 2021-ல் நீதிமன்றம் இதைக் கேட்டு அதிர்ச்சி தெரிவித்தது. 2022-ல் அப்படிப்பட்ட வழக்குகளை நிறுத்த உத்தரவிட்டது.

கைதைவிட மெல்லிய கருவி ஒன்றும் உண்டு: 'பிளாக்'. பதவியில் உள்ளவர் தன் பக்கத்திலிருந்து ஒரு குடிமகனை விலக்கலாமா? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் இதற்கு ஓர் அளவுகோல் சொன்னது. அரசின் சார்பில் பேசும் உண்மையான அதிகாரம் அவருக்கு இருந்து, அந்தப் பதிவில் அந்த அதிகாரத்தைக் காட்டியே பேசியிருந்தால், அது அரசின் செயல். அங்கே குடிமகனின் பேச்சுரிமைப் பாதுகாப்பு பொருந்தும். நம்மிடம் இப்படித் தெளிந்த விதி எதுவும் இல்லை. நலத்திட்ட அறிவிப்பு, வெள்ள எச்சரிக்கை, குறைதீர் எண் எல்லாம் அமைச்சர்களின் சமூக ஊடகப் பக்கங்களில் வரும் காலத்தில், அந்தப் பக்கம் அவருடைய வீட்டுத் திண்ணையா, அரசு அலுவலகத்தின் முன்கூடமா என்பதை நாம் முடிவு செய்தாக வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிரதிநிதி ஒவ்வொரு டிரெண்டிங்குக்கும் வளைந்துகொடுத்தால் அது மக்களாட்சி ஆகாது. 1774-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் வாக்காளர்களிடம், அவர்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் எட்மண்ட் பர்க், என் உழைப்பு உங்களுக்குரியது, என் தீர்ப்பை உங்களிடம் அடகு வைக்கமாட்டேன் என்ற பொருளில் பேசினார். 1780-ல் அந்தத் தொகுதியை இழந்தார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. பிரிஸ்டல் செய்ததிலும் நியாயம் உண்டு. செல்பேசியே இல்லாத மூதாட்டிக்கும், கையில் இருந்தும் ஆபாச வசைக்கு அஞ்சிப் பேசாத பெண்ணுக்கும் அதே எம்.எல்.ஏ.தான் பிரதிநிதி. திரையில் கேட்கும் குரலுக்கு மட்டும் இணங்கினால் அவர்களுக்குத் துரோகம் செய்தவர் ஆவார். ஆகவே நாம் கேட்க வேண்டியது இணக்கத்தை அல்ல, பதிலை. 'செய்யமாட்டேன், காரணம் இது' என்பதும் பதில்தான். மௌனம் மட்டும் பதில் ஆகாது.

நண்பர்களே,

இந்த ஆறு குறிப்புகளிலிருந்து நடைமுறைக்கு இரண்டு யோசனைகளை முன்வைத்து முடிக்கிறேன்.

முதலாவது, அவைகளுக்கு. மக்களவையிலும் மாநிலங்களவையிலும் மனுக்கள் குழு இருக்கிறது. நம் சட்டப்பேரவையிலும் மனுக்கள் குழு இருக்கிறது. மாவட்டங்களுக்குப் போய் ஆய்வும் செய்கிறது. இருந்தும் கல்லூரி மாணவர்களில் எத்தனை பேருக்கு அதன் பெயர் தெரியும்? அந்தக் குழுவுக்குப் பிரிட்டன் முறையில் ஒரு மின்மனுத் தளம் வேண்டும். தமிழில் இருக்க வேண்டும். கையெழுத்திடுபவரின் தொகுதி மட்டும் தெரிய வேண்டும். முகவரியும் எண்ணும் வெளியே போகக்கூடாது. 2015-ல் டிராய் வந்த மின்னஞ்சல்களை அனுப்பியவரின் முகவரியோடு அப்படியே இணையத்தில் போட்டுவிட்டது. அந்தப் பிழை திரும்பக்கூடாது. இத்தனை கையெழுத்து வந்தால் இத்தனை நாளில் எழுத்தில் பதில் என்று விதி வகுக்க வேண்டும்.

இரண்டாவது, மாணவர்களாகிய உங்களுக்கு. அடுத்தமுறை ஒரு ஹேஷ்டேக் தொடங்குமுன் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள். இது எந்தப் பட்டியலில் உள்ள பொருள்? முடிவு எடுப்பவர் யார்? என் பிரதிநிதி கொறடாவைக் கேட்காமல் இதில் என்ன செய்ய முடியும்? அவர் செய்தாரா என்பதை நான் எங்கே பார்ப்பேன்? நான்குக்கும் விடை இருந்தால் பகிருங்கள், ஊரைத் திரட்டுங்கள். அடுத்த கிராம சபையில் அதையே தீர்மானமாக வையுங்கள். விடை இல்லாவிட்டால் பகிர்வதை ஒரு நாள் தள்ளிவைத்து, விடையைத் தேடுங்கள். அந்த ஒரு நாள் தாமதத்தால் எந்தப் போராட்டமும் தோற்காது. விடை தெரியாமல் தொடங்கிய போராட்டத்துக்கோ, கூட்டம் கூடிய பிறகு அதை எங்கே அனுப்புவது என்று தெரியாது.